டெய்லி மைல்: காசில்லாத திட்டம்தான், கணக்குப் பாடத்துக்கு உதவுமா?

விலை கிடையாது. சாமான் கிடையாது. சீருடையை மாற்ற வேண்டிய வேலையும் கிடையாது. வகுப்பு மொத்தமும் வெளியே போய், பதினைந்து நிமிடம் அவரவர் வேகத்தில் ஓடியோ நடந்தோ வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர வேண்டும். ‘டெய்லி மைல்’ என்ற பள்ளித் திட்டம் இவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த எலைன் வைலி 2012 பிப்ரவரியில் இதைத் தொடங்கினார். மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள்ளேயே பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்ததுதான் காரணம். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் பதிவு செய்து நடத்துகின்றன.

உடம்புக்கு நல்லது என்பதில் பெரிய சண்டை இல்லை. இரண்டு ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் 391 பிள்ளைகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வில், திட்டம் நடந்த பள்ளியில் ஓரளவு மூச்சிரைக்கும் இயக்கம் நாளுக்கு 9 நிமிடம் கூடியது, உட்கார்ந்தே இருக்கும் நேரம் 18 நிமிடம் குறைந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பள்ளி என்பது அந்த ஆய்வின் பலவீனம். உடல் எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பர்மிங்காமில் 40 பள்ளிகளில் நடந்த சோதனையில் ஓராண்டு கழித்தும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. பெண் பிள்ளைகளிடம் மட்டும் சின்ன வித்தியாசம் தெரிந்தது.

பெற்றோர் கேட்பது வேறு: படிப்பு ஏறுமா? இதற்குப் பொருத்தமான சோதனை பிபிசி உதவியோடு பிரிட்டன் பள்ளிகளில் நடந்து 2020-ல் வெளியானது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், மூன்று விதமான இடைவேளைகள். ஒன்று, வெளியே சும்மா உட்கார்வது அல்லது நிற்பது. இரண்டு, பீப் ஒலி ஓட்டம்: 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், பீப் அடிப்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் பீப் நெருங்கிக்கொண்டே போகும், இனி முடியாது என்னும்வரை ஓட்டம். மூன்றாவது, தன் வேகத்தில் பதினைந்து நிமிடம். முடிந்ததும் கணினியில் சின்னச் சின்னச் சோதனைகள்: சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, கை பரபரத்தாலும் தவறான பட்டனை அழுத்தாமல் அடக்கிக்கொள்வது போன்றவை. அதிகப் பலன் தெரிந்தது மூன்றாவதில். பிள்ளைகள் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள்.

களைத்து விழும்வரை ஓடினால் மூளையும் சேர்ந்து களைத்துவிடும் போலிருக்கிறது. இந்தத் திட்டத்தின் உயிர் ‘அவரவர் வேகம்’ என்ற இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. விசிலோடு நின்று “ஓடு, ஓடு” என்று விரட்டும் ஆசிரியர் தெரியாமலே இதைப் பீப் ஓட்டமாக மாற்றிவிடுகிறார்.

பலனைப் பெரிதுபடுத்தவும் கூடாது. அது சின்னது, ஒரே தடவை ஓடியதற்குப் பிறகு அளந்தது. வேறு சில சிறிய ஆய்வுகளில், டெய்லி மைல் முடிந்த கையோடு வைத்த சோதனைகளில் வித்தியாசமே தெரியவில்லை. இன்னொரு பக்கம், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேரை டிரெட்மில்லில் 20 நிமிடம் வேக நடை நடக்க வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் கவனச் சோதனையிலும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கூடுதல் சரியான விடைகள் கிடைத்தன. அங்கே இதயத் துடிப்பு உச்ச அளவில் சுமார் 60 சதவீதம். பேச முடியும், பாட முடியாது என்ற நிலை. டெய்லி மைலிலும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறதென்றால் அது வெறும் உலா.

நடத்தும்போது எங்கே கெடுகிறது? முதலில் நேரம். பதினைந்து நிமிடம் என்பது வகுப்பறைக் கதவிலிருந்து திரும்பக் கதவு வரைக்குமான கணக்கு. ஷூ மாற்றுவது, வரிசை கட்டுவது, தண்ணீர்க் குழாயடியில் நிற்பது எல்லாம் சேர்ந்தால் 25 ஆகிவிடும். வாரத்துக்கு 75 நிமிடமாக இருக்க வேண்டியது 125 ஆகும். பாடம் போகிறதே என்று மூன்றாவது மாதம் ஆசிரியர் கைவிடுவது பெரும்பாலும் இந்த ஒழுகலால்தான். கயிறு கட்டிய ஷூ அவிழாமல் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டு, அப்படியே கிளம்பிவிட வேண்டும்.

அடுத்தது பாதை. ஒரு மைல் 1609 மீட்டர், எனவே 200 மீட்டர் வளையம் என்றால் எட்டுச் சுற்று. பிள்ளைகளிடம் சுற்றை எண்ணச் சொல்லாதீர்கள். எண்ணத் தொடங்கினால் பந்தயம் தொடங்கிவிடும். அளவு நேரம்தான், தூரம் இல்லை. சிலர் மைலைத் தாண்டுவார்கள், சிலர் பாதியில் நிற்பார்கள், இரண்டும் சரி. வளையம் 100 மீட்டருக்குக் குறைந்தால் நெரிசல், சலிப்பு. முனைகள் செங்கோணமாக இருந்தால் அங்கேதான் மோதி விழுவார்கள், வளைத்து விடுங்கள். மூன்று பேர் பேசிக்கொண்டே சேர்ந்து போகிற அகலம் வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். புல்தரை முதல் மழையிலேயே சேறாகும். கெட்டியான தரைதான் சக்கர நாற்காலிக்கும் ஒத்துவரும்.

முதல் வாரம் எல்லாரும் அம்பு போலப் பாய்ந்து, அரைச் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பயப்பட வேண்டாம், தங்கள் வேகத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். சலிப்புத் தட்டும்போது சுற்றும் திசையை மாற்றினாலே போதும். தண்டனையாக இரண்டு சுற்று கூடுதலாக ஓட வைப்பதும், வீட்டுப்பாடம் முடிக்காதவனை உள்ளே உட்கார வைப்பதும் திட்டத்தைக் கொல்லும் இரண்டு நல்ல வழிகள். பி.டி. பீரியடுக்குப் பதிலாக இதை வைப்பது மூன்றாவது வழி. பந்து பிடிப்பது, குதிப்பது, சமநிலை எதையும் இது கற்றுத் தராது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பையில் இருந்தால் போதாது, வெளியே ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட மணி என்று அட்டவணையில் எழுதாதீர்கள். வகுப்பு சோர்ந்து, கண்கள் ஜன்னல் பக்கம் போகிறபோது ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். திரும்பியதும் கணக்கு அல்லது வாசிப்பு. ஓடி வந்த தெளிவைப் படம் வரைவதில் செலவழிப்பானேன்.

மார்க்தான் குறி என்றால் வேறு பண்டங்களும் இருக்கின்றன. நார்வேயில் 2014-15 கல்வியாண்டில் 57 பள்ளிகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 300 நிமிட உடலியக்கம் தந்து பார்த்தார்கள். மொத்தத்தில் தேர்வு முடிவு மாறவில்லை, ஆனால் தொடக்கத்தில் கணக்கில் பின்தங்கியிருந்த மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். கூடுதல் இயக்கத்தால் யாருடைய படிப்பும் கெடவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

நெதர்லாந்துக்காரர்கள் பாடத்தையே குதிக்க வைத்தார்கள். இரண்டு நாலு எத்தனை என்று கேட்டால் எட்டுத் தடவை குதிக்க வேண்டும். சொல்லுக்கு எழுத்துக் கூட்டும்போது எழுத்துக்கு ஒரு குதி. வாரம் மூன்று நாள், 20 முதல் 30 நிமிடம், ஆண்டுக்கு 22 வாரம். இரண்டு ஆண்டு முடிவில் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்ற பிள்ளைகளைவிட நான்கு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே நின்றார்கள். வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. மார்க் கணக்கில் பார்த்தால் டெய்லி மைலைவிட இது கெட்டியான சரக்கு. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் தயாரிப்பு வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். டெய்லி மைலை இன்று மதியமே தொடங்கலாம். பதிவு இலவசம், பதிவு செய்யாமலும் ஓடலாம்.

மழை, குளிர் எதற்கும் நிறுத்தாதே என்கிற விதி ஸ்காட்லாந்துக்குச் சரி. வெயில் நாடுகளில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே காலை முதல் பீரியடுக்குள் முடித்துவிட வேண்டும், பாதையில் பாதியாவது நிழல் வேண்டும். ஓடுவதற்கு முன்பே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். தார்த்தரையில் உள்ளங்கையைப் பத்து விநாடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.