தாத்தாவின் .375 மேக்னம்: தோட்டாவும் துருவும்

வாடிப்பட்டிப் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு போர் (குழல் அளவின் பெயர்) இரட்டைக்குழல்தான். எங்கள் வீட்டில் இருப்பது .375 ஹாலந்து அண்டு ஹாலந்து மேக்னம் (.375 அங்குல விட்டக் குண்டு), ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள், தாத்தா சிறுமலையில் காபித் தோட்டம் வைத்திருந்த காலத்தில் வாங்கியது. வாரிசு முறையில் லைசென்ஸ் என் பெயருக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை. காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கினாலும் வனத்துறைக்குப் போன் போடுவதோடு நம் வேலை தீர்ந்தது. இப்போது இது துப்பாக்கி சுடும் ரேஞ்சில் குறி அட்டையைச் சுடத்தான். இவ்வளவு பெரிய குழல் அளவுக்கு இடம் கொடுக்கும் ரேஞ்ச் எல்லா ஊரிலும் கிடையாது என்பதால் சுடுவது அபூர்வம், சும்மா கிடப்பதுதான் அதிகம். சும்மா கிடக்கிற ரைஃபிளைப் பராமரிப்பது வேறு மாதிரி வேலை.

முதலில் தோட்டா. கடையில் வெறுமனே ‘த்ரீ செவன்ட்டி ஃபைவ்’ என்று கேட்காதீர்கள், அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் உண்டு. 1912-ல் வந்த இந்த மேக்னம் தோட்டாவின் அடியில், விளிம்புக்குச் சற்று மேலே, மோதிரம் மாட்டியதுபோல ஒரு பட்டை ஓடும். இதன் தோள், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடம், ரொம்பச் சரிவு, அதனால் குழலின் பின்பக்க அறைக்குள் தோட்டா எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டைதான் தீர்மானிக்கிறது. இதன் கூடப்பிறந்தது ஒன்று, இரட்டைக்குழல் ரைஃபிளுக்காகச் செய்தது, பட்டை இல்லாமல் அகல விளிம்போடு வரும். அது இதற்கு ஆகாது. குழலில் பொறித்திருப்பதையும் தோட்டாவின் அடியில் அச்சடித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

குண்டின் எடையை கிரெயினில் சொல்வார்கள், 270 கிரெயின், 300 கிரெயின் இரண்டும் புழக்கத்தில் உண்டு. 300 என்றால் குண்டு மட்டுமே 19 கிராமுக்கு மேல், வேகம் விநாடிக்குச் சுமார் 770 மீட்டர். முனை மெத்தென்ற சாஃப்ட் நோஸா, முழு உலோக உறை போட்ட சாலிடா என்ற கேள்வியெல்லாம் புலிக்கும் யானைக்கும் பார்த்தது. அட்டைக்கு எதுவானாலும் ஓட்டைதான், சாலிடுக்குக் கூடுதல் காசு தண்டம். இரண்டு எடையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும் என்று இந்தத் தோட்டாவுக்கு ஒரு பெயர் உண்டு. என் ரைஃபிளில் பக்கவாட்டில் விலகுவதில்லை, ஆனால் 300 கொஞ்சம் தாழ இறங்கும். எடையைவிட நான் பார்ப்பது லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கா என்பது. வெளிநாட்டுச் சரக்கு, அடுத்து எப்போது வரும் என்று டீலருக்கே தெரியாது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் வருகிறபோது லைசென்ஸில் எழுதிய அளவுக்குள் ஒரே லாட்டாக வாங்கிவிடுவேன். வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாமே என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், நமக்கு எதற்கு அந்த வம்பு. சுடும்போது தோளில் விழும் உதை, .30-06 என்ற வேட்டை ரைஃபிள் தோட்டாவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேசையில் சாய்ந்து சுடும்போது தோளுக்கும் ரைஃபிளின் மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு சிறு மணல் மூட்டை வைத்துக்கொள்வேன், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

தாத்தா காலத்துத் தோட்டாக்கள் வைத்திருப்பவர்கள் கழுத்துப் பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பித்தளையில் மயிரிழை வெடிப்போ பச்சைக் களிம்போ இருந்தால் சுட வேண்டாம். அந்தக் காலத்து கேப்பில் (தோட்டாவின் அடியில் ஊசி அடித்துப் பற்றவைக்கும் பொட்டு) பொட்டாசியம் குளோரேட் இருக்கும், சுட்ட பிறகு குழலில் உப்பாகத் தங்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டுத் துடைத்து உள்ளே வைத்தால் ஐப்பசி மழை ஈரத்துக்கு நாலே நாளில் குழல் சிவந்துவிடும். கொதிக்கிற வெந்நீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றி, காயவிட்டு, அதன் பிறகுதான் எண்ணெய். புதுத் தோட்டாவுக்கு இந்தக் கூத்து வேண்டாம். ஆனால் எந்தத் தோட்டாவையும் சித்திரை வெயிலில் காருக்குள் விடாதீர்கள், சூட்டில் வெடிமருந்தின் அழுத்தம் ஏறும்.

சுத்தம் செய்வது எப்போதும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்துதான், வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டால் முனை தேய்ந்து குறி கெடும். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். குண்டு குழலில் விட்டுப்போகும் செம்புக் கறைக்கு அம்மோனியா கலந்த திரவம் போட்டுச் சிறிது நேரம் விட்டுத் துணியை இழுத்தால் மயில்கழுத்து நிறத்தில் வரும், அந்த நிறம் வருவது நிற்கும்வரை இழுக்க வேண்டும். கம்பியின் முனை பித்தளையாக இருந்தால் அதுவும் நீலம் காட்டும், கறை போகவே இல்லை என்று நினைத்துப் பாதி நாள் தேய்ப்பீர்கள். எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் தாராளம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி போல்ட் இறுகும். கட்டைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ரெண்டு சொட்டு, உள்ளங்கையால் தேய்த்தால் சரி.

உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோலும் கித்தானும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். நான் இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு, வாய் கீழே பார்க்க நிறுத்துகிறேன், நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வழிந்து கட்டை மரம் ஊறிப்போகும்.

இத்தனையும் செய்தாலும் தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கத்தான் வேண்டியிருக்கும். 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. வெயில் காலம் முழுக்க என் ரைஃபிள் ஒரு ஸ்டேஷன் மூலையில் கிடந்தது. திரும்ப வாங்கும்போது குழலின் மேல் நாலு விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. வியர்வைக் கையோடு யாரோ தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள், கேட்டால் “எல்லாம் பத்திரமாத்தான் சார் இருந்துச்சு” என்றார்கள். அதற்கப்புறம் ஒப்படைக்கும் முன்பு உள்ளும் புறமும் கெட்டி கிரீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றித்தான் கொடுக்கிறேன். தொடுபவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். ரசீதில் துப்பாக்கி நம்பரோடு தோட்டா எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள், திரும்ப எடுத்து வந்ததும் ஒரு பொட்டு கிரீஸ்கூட குழலுக்குள் மிச்சமில்லாமல் துடைத்த பிறகே தோட்டாவைக் கையில் எடுங்கள். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும்.