பழைய தொலைக்காட்சிக்கு வீடியோ உள்ளீடு: மாடுலேட்டரா, நேரடி இணைப்பா?

ஆன்டெனா முனையம் மட்டுமே உள்ள 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் டிவிடி பிளேயரின் படத்தைப் பார்க்க இரண்டு வழிகள் உள்ளன: மாடுலேட்டர் (படத்தையும் ஒலியையும் டிவி சேனல் சிக்னலாக மாற்றும் சிறு கருவி) வழியாக ஆன்டெனா முனையத்தில் கொடுப்பது, அல்லது பெட்டிக்குள்ளேயே காம்போசிட் உள்ளீடு (பிளேயரின் வீடியோ சிக்னலை நேராக வாங்கும் சாக்கெட்) அமைப்பது. என் பெட்டிக்கு நான் இரண்டாவதையே செய்துகொண்டேன்.

மாடுலேட்டருக்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. படமும் ஒலியும் ஒரே கம்பியில் சென்றுவிடும். இந்தியப் பெட்டிகளில் ஒலியின் அலை படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வருவதால், 4.5 அல்லது 6 மெகாஹெர்ட்ஸுக்கான மாடுலேட்டரை வாங்கினால் படம் தெரியும், பேச்சு கேட்காது.

நேரடி இணைப்பில், ட்யூனரையும் (சேனலைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) ஐஎஃப் பகுதியையும் (ட்யூனர் தரும் இடைநிலை அதிர்வெண் சிக்னலைப் பெருக்கும் பகுதி) தவிர்த்துவிட்டு, வீடியோ பெருக்கிக்கு முன்னால் ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்து, 75 ஓம் மின்தடையுடன் சிக்னலைக் கொடுக்கிறோம். படம் கூர்மையாகிறது, ட்யூனர் பழுதான பெட்டியும் மீண்டும் பயன்படுகிறது. வெளியிலிருந்து வரும் 1 வோல்ட் சிக்னல் பல பெட்டிகளுக்குப் போதாது என்பதால் சிறு டிரான்சிஸ்டர் பெருக்கி தேவைப்படலாம். ஒலிக்குத் தனிக் கம்பியை வால்யூம் கன்ட்ரோல் வரை இழுக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது, சேசிஸ் (சர்க்யூட்டின் பொதுத் தரையாக உள்ள உலோகச் சட்டம்) வீட்டு மின்சார இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230 வோல்ட்டை நேராக டயோடுகளால் திருத்தி எடுக்கும் பெட்டிகளில் சேசிஸிலேயே மின்சாரம் இருக்கும். அதில் வீடியோ சாக்கெட்டைப் பொருத்தினால் அதன் வெளி வளையத்திலும், அதனுடன் இணைத்த பிளேயரின் உலோக உடலிலும் அதே மின்சாரம் இறங்கும். தொடுபவர் உயிருக்கே ஆபத்து. அத்தகைய பெட்டிகளின் ஆன்டெனா முனையத்தில் உள்ள சிறு மின்தேக்கிகள் உயர் அதிர்வெண்ணை விட்டு 50 ஹெர்ட்ஸைத் தடுத்துவிடுகின்றன. வீடியோ சிக்னலோ அந்த 50 ஹெர்ட்ஸ் அளவுக்கும் கீழிறங்குவதால், அதே மின்தேக்கிகளை இங்கே பயன்படுத்த முடியாது. ஆகவே, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே மல்டிமீட்டரின் டயோடு அளவிலும் மின்தடை அளவிலும், முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எதிலாவது இணைப்பு தெரிந்தால் மாடுலேட்டர்தான் வழி. 1:1 டிரான்ஸ்ஃபார்மரை உள்ளே பொருத்தலாம் என்றாலும், அதன் எடையும் சூடும் சிறிய பெட்டிக்குச் சுமை.

12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் சிறு பெட்டிகளில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, என்னுடையதும் அவ்வகையே. அவற்றிலும் அளந்த பின்னரே துளையிட வேண்டும். பழைய வண்ணப் பெட்டிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றின் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து மின்னழுத்தத்தை மாற்றும்) மின்வழங்கியில் எது பிரிக்கப்பட்ட பகுதி என்பதைச் சர்க்யூட் வரைபடம் இல்லாமல் சொல்ல இயலாது என்பதால், அவற்றுக்கு மாடுலேட்டரையே பரிந்துரைப்பேன்.