நிலநடுக்க அறிவிப்புச் சேவை: குன்னூரிலிருந்து ஒரு மதிப்புரை

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் மின்னஞ்சல் வழியாக இலவசமாக வழங்கும் நிலநடுக்க அறிவிப்புச் சேவையை 2025ஆம் ஆண்டு முழுவதும் குன்னூரில் இருந்தபடி பயன்படுத்தினேன். மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் பதிவான பேரழிவைப் பற்றிய விவரங்களை அதன் வழியாகவே தொடர்ந்து படித்தேன். ஜூலை 30 அதிகாலை, நம் நேரப்படி, ரஷ்யாவின் கம்சாத்கா கடற்பகுதியில் நேர்ந்த நடுக்கத்தின் அளவு முதலில் 8.0 என்று கணிக்கப்பட்டுப் பின்னர் 8.8 ஆகத் திருத்தப்பட்டதால், முதல் எண்ணை இறுதியானதாகக் கொள்ளக் கூடாது.

பகுதியையும், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு வரம்புகளையும் நாமே அமைத்துக்கொள்ளும் வசதி மிகச் சிறப்பானது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் நிலநடுக்கம் உலுக்கிய மலை இது என்பதால், தென்னிந்தியாவுக்குக் குறைந்த வரம்பையே வைத்தேன். இது முன்னெச்சரிக்கை அன்று. நடுக்கம் பதிவான பின்னரே செய்தி வரும். தமிழிலும் கிடைத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் பரிந்துரைப்பேன்.