புரத நானோ இழைக்கு எலெக்ட்ரோஸ்பின்னிங் மெஷின்: வாங்கும் முன்

எங்கள் துறை ஆய்வகத்துக்கு டேபிள்டாப் எலெக்ட்ரோஸ்பின்னிங் மெஷின் ஒன்றைப் புராஜெக்ட் பணத்தில் வாங்கினோம். ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, கரைசலை மெல்லிய நானோ இழையாக இழுக்கும் மெஷின் இது. உள்நாட்டுத் தயாரிப்பு. வெளிநாட்டுக் கம்பெனிகள் தந்த கொட்டேஷனில் பாதிகூட ஆகவில்லை. கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இதே விலைக்கு நாங்கள் பார்த்த மற்ற மெஷின்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான். உணவு கெடாமல் காக்கும் புரத இழை செய்யலாம் என்று இறங்குகிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். பிவிஏ மாதிரி செயற்கைப் பாலிமர் ஓட்டுகிறவர்கள் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள், அது வேறு கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரப் பகுதிக்குக் கொடுத்த காசு தகும். இதையெல்லாம் மூடியிருக்கும் பெட்டிக்குக் கொடுத்த காசு தகாது.

மின்சாரப் பகுதி என்றால் 30 கிலோவோல்ட் வரை போகும் பவர் சப்ளையும் சிரிஞ்சு பம்பும். இரண்டும் தங்கம். நாங்கள் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோவோல்ட்டுக்குள்தான் ஓட்டுகிறோம், முள் அசையாமல் நிற்கிறது. மணிக்கு 1 மில்லி என்று வைத்தால் பம்ப் அதையே தள்ளுகிறது. கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கும் பூட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் மின்சாரம் நின்றாலும் ஊசியில் மின்னூட்டம் மிச்சம் இருக்கும். தொடும் முன் எர்த் குச்சியால் ஒருமுறை தொட்டுவிட வேண்டும். அந்தக் குச்சியை அவர்கள் தரவில்லை, லேப் அண்ணன்தான் செய்து கொடுத்தார்.

இனி பெட்டி. நாங்கள் ஓட்டுவது ஸெயின், மக்காச்சோளப் புரதம். தண்ணீரில் கரையாது, 70–80 சதவீத எத்தனாலில் கரையும். உணவைச் சுற்ற இதைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். ஜெலட்டின் இழை ஈரமான பன்னீர்க் கட்டிமேல் பட்டதும் குழைந்துவிடும். கரையாமல் இருக்க அதன் மூலக்கூறுகளைக் குறுக்கே கட்டிப்போடக் குளூட்டரால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தைப் போட்டால் சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோக முடியாது. பால் திரிந்த தெளிநீரில் இருக்கும் வே புரதம், சோயாப் புரதம் எல்லாம் உருண்டை மூலக்கூறுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. தனியாக ஓட்டினால் இழை வராது, துளி துளியாகத் தெளிக்கும். புல்லுலான் மாதிரி நீளச் சங்கிலி மாவுப்பொருள் ஏதாவது துணைக்கு வேண்டும். சேல்ஸ் சார் டெமோவில் "எந்தப் புரதமும் ஓடும் மேடம்" என்றார். ஓடாது.

ஸெயினில் சிக்கல் ஊசி முனையில். கரைசல் துளி கூம்பாக இழுபட்டு, அதன் நுனியிலிருந்து தாரை கிளம்பி, காற்றில் சுழன்று, எத்தனால் ஆவியாகி, இழையாக அலுமினியத் தாளில் விழ வேண்டும். ஆனால் எத்தனால் முனையிலேயே உலரத் தொடங்கிவிடுகிறது. முதலில் கூம்பின்மேல் ஒரு மெல்லிய தோல். அப்புறம் மஞ்சளாக ஒரு கட்டி. பிறகு அதிலிருந்து இழைகள் பக்கவாட்டில் கிளம்பித் தொங்கும். எங்கள் லேபில் அதற்குத் தாடி என்று பெயர். தாடி முளைத்ததும் தாரை நின்று, பின்னால் பம்ப் தள்ளிக்கொண்டே இருப்பதால் திடீரென்று ஒரு பெரிய சொட்டு வெளியே வந்து, அதுவரை சேர்ந்த படலத்தில் விழும். நிறுத்து, எர்த் பண்ணு, ஈரத் துணியால் துடை, மறுபடி ஆரம்பி. ஏசியில் காற்று வறண்டு இருந்தால் இது இன்னும் மோசம். ஏசியை அணைத்தால்? சென்னையில் ஐப்பசி மழை நேரத்தில் நீர் உலராமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே பெட்டிக்குள் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்க வழி வேண்டும். இந்த மெஷினில் இருப்பது ஈரப்பதத்தைக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் மட்டும். காட்டும், அவ்வளவுதான்.

எத்தனாலுக்குப் பதில் கிளேசியல், அதாவது தண்ணீர் கலக்காத, அசெட்டிக் அமிலத்தில் கரைத்தால் அடைப்பு நன்றாகக் குறைகிறது. இழையும் தட்டை நாடாவாக இல்லாமல் உருண்டையாக வருகிறது. ஆனால் அந்த வாடைக்கு ஒழுங்கான எக்ஸாஸ்ட் வேண்டும். கொடுத்திருப்பது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுகிற அளவு ஃபேன். எத்தனாலை வைத்தே யோசித்துப் பாருங்கள்: மூடிய பெட்டி, சாராய ஆவி, எப்போதாவது ஒரு பொறி. நாங்கள் குழாய் போட்டு, லேபில் ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட்டோடு இணைத்துவிட்டோம்.

எங்கள் மேடத்துக்கு இந்த ஆசை வந்தது 2021-இல் சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (என்டியு) ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட வேலையைப் படித்த பிறகு. ஸெயின், மாவுப்பொருள், தைம் எண்ணெய், சிட்ரிக் அமிலம் எல்லாம் சேர்த்த இழைப் பேக்கேஜிங்கில் ஸ்ட்ராபெரி ஏழு நாள் தாக்குப்பிடித்தது, வழக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் நான்கு நாள். தைம் எண்ணெயின் முக்கியச் சரக்கு தைமால். நம் ஓமத்தின் மணத்துக்கும் காரணம் அதேதான் என்பதால் நாங்கள் அதைப் போட்டோம். தைமால் ஆவியாகும், அதனால் இழை உணவைத் தொடக்கூட வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் இருந்தாலே பூஞ்சையைத் தள்ளிப்போடுகிறது. பிரெட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. பன்னீரும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓமவாட்டரில் ஊறியது போல ஒரு சுவை. விற்க முடியாது. தவிர, நானோ இழைக்குப் பரப்பளவு அதிகம். உள்ளே வைத்ததில் பெரும்பகுதியை முதல் சில மணி நேரத்திலேயே வெளியே விட்டுவிடுகிறது.

தைமாலுக்குப் பதில் பாக்டீரியாவைக் கொல்லும் நிசின் என்ற சிறு புரதத்தைப் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. கடையில் வரும் பொடியில் நிசின் வெறும் 2.5 சதவீதம், மிச்சத்தில் பெரும்பங்கு சாதாரண உப்பு. அந்த உப்பு எத்தனால் கரைசலில் முழுசாகக் கரையாமல் சிரிஞ்சின் அடியில் மணலாகத் தங்கும். கரைந்த கொஞ்சம் மின்கடத்தலை ஏற்றித் தாரையை ஆட்டிவைக்கும். லேசான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உப்பை டயாலிசிஸில் (சவ்வு வழியாக வடித்து) நீக்கிவிட்டால் தொல்லை இல்லை. அப்போதும் அது லிஸ்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி கிராம் பாசிட்டிவ் ஆட்களைத்தான் பிடிக்கும். ஈ.கோலை கிராம் நெகட்டிவ், அதற்கு நிசின் தனியாகப் போதாது.

உற்பத்தி பற்றி யாராவது பேசினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 25 சதவீதக் கரைசல், மணிக்கு 1 மில்லி. ஆக, மணிக்குக் கால் கிராம். ஓர் ஏ4 தாள் அளவுக்கு 1 கிராம் படலம் சேர்க்க நான்கு மணி நேரம், அதுவும் தாடி முளைக்காமல் இருந்தால். ஜெராக்ஸ் தாள் ஒன்றே 5 கிராம். ஆலை அளவில் வேண்டுமென்றால் ஊசியே இல்லாத மெஷின்கள் இருக்கின்றன, செக் நாட்டு எல்மார்கோவின் நானோஸ்பைடர் மாதிரி. எங்கள் மெஷினை வைத்து ஸ்டார்ட்அப் தொடங்குகிறேன் என்று வந்த ஜூனியர் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன்.

எஸ்.இ.எம். (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) இல்லாமல் இழை வந்ததா, மணி மணியாக வந்ததா என்று தெரியாது. அந்தச் செலவைத் தனியாக பட்ஜெட்டில் போடுங்கள்.

மறுபடி வாங்குவேனா? பவர் சப்ளையும் பம்பும் தனியாகக் கிடைத்தால் வாங்குவேன், பெட்டியை உள்ளூர் அக்ரிலிக் கடையில் அடித்துக்கொள்வேன். மொத்தமாகத்தான் தருவோம் என்றால் ஈரப்பதக் கட்டுப்பாடும் எக்ஸாஸ்ட் குழாயும் கொட்டேஷனிலேயே வரவேண்டும் என்று கேளுங்கள், டெமோவுக்கு உங்கள் ஸெயினைக் கையோடு கொண்டுபோங்கள், அவர்கள் வைத்திருக்கும் பிவிஏவை ஓட்ட விடாதீர்கள். ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது ஹை வோல்டேஜ் கேபிள் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் அடங்கவில்லை.