15 எண் பசில்: வாங்கினால் பிளாஸ்டிக்கையே வாங்குங்கள்

பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளிலும் பாண்டி பஜாரிலும் தேடினால் நாலுக்கு நாலு நம்பர் பசில் பிளாஸ்டிக், காந்தம், மரம் என்று கிடைக்கும். 16 கட்டத்தில் 15 எண் வில்லைகளும் ஒரு காலிக் கட்டமும் இருக்கும்; காலிக் கட்டத்துக்குள் வில்லைகளை நகர்த்தி நகர்த்தி, காலி கடைசி மூலையில் நிற்க 1 முதல் 15 வரை வரிசையாக்குவதுதான் விளையாட்டு. பிளாஸ்டிக்கில் வில்லைகளின் விளிம்பில் நாக்கும் பள்ளமும் இருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓடும், கவிழ்த்தாலும் கொட்டாது. புதிதில் இறுகினால் விளிம்பில் அச்சுப் பிசிறு நிற்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். மரம் அழகுதான், ஆனால் ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு நகராது.

காந்த வகையில்தான் வம்பு. வில்லையைக் கையால் எடுத்து இஷ்டத்துக்கு வைத்துவிடலாம். அப்படி வைக்கக்கூடிய அடுக்குகளில் சரிபாதி, எவ்வளவு நகர்த்தினாலும் தீராதவை. ஜான்சன், ஸ்டோரி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1879-லேயே இதை நிறுவிவிட்டார்கள்.

சோதிப்பது சுலபம். மேலிருந்து வரிசை வரிசையாக எண்களைப் படியுங்கள், காலிக் கட்டத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அதைவிடச் சிறியவை எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் தலைகீழ் ஜோடிகளின் எண்ணிக்கை வரும். காலிக் கட்டம் கீழிருந்து 1 அல்லது 3-ஆம் வரிசையில் இருந்தால் கூட்டல் இரட்டைப்படையாகவும், 2 அல்லது 4-இல் இருந்தால் ஒற்றைப்படையாகவும் வரவேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் ஜோடிக் கணக்கு மாறாது; மேல்கீழாக நகரும் வில்லை மூன்று எண்களைத் தாண்டுவதால் 1 அல்லது 3 மாறும். காரணம் அவ்வளவுதான்.

15 முதல் 1 வரை முழுக்கத் திருப்பி அடுக்கினால் 105 ஜோடி, அதற்குமேல் வழியில்லை. காலிக் கட்டம் கடைசி மூலையில் இருந்தால் இது தீராது. இடது மேல் மூலையில் இருந்தால் தீரும்! தீரக்கூடிய அடுக்கு எதுவானாலும் ஒரு வில்லை ஒரு கட்டம் நகர்வதை ஒன்றாகக் கணக்கிட்டால் 80 நகர்த்தலுக்குள் முடிக்கலாம்.

    

சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றுக்கு மூன்று போதும். அதில் காலிக் கட்டம் எங்கிருந்தாலும் ஜோடிகள் இரட்டைப்படையாக இருந்தால் சரி. முழுக்கத் திருப்பினால் 28, எனவே தீரும்.

காந்தம்தான் வேண்டுமென்றால் 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் இருந்த இடத்திலேயே தலைகீழாக வைத்துவிட வாய்ப்பு உண்டு; 6 ஒன்பதாகவும் 9 ஆறாகவும் தெரிந்து இரண்டும் இடம் மாறியதுபோல் ஆகும். அந்த ஒரு இடமாற்றத்தில் தீரக்கூடிய பசிலும் தீராததாகிவிடும்.