50 மீட்டரில் .22: வேகமான தோட்டாதான் காற்றில் அதிகம் விலகும்

50 மீட்டர் ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கும்போது .22 எல்ஆரில் (லாங் ரைஃபிள் என்ற சிறு தோட்டா) இரண்டு வகை கண்ணில் படும்: ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (சாதாரண வேகம்), ஹை வெலாசிட்டி (அதிவேகம்). சிசிஐ என்ற நிறுவனத்தின் தயாரிப்பையே எடுத்துக்கொண்டால், ஸ்டாண்டர்டிலும் ஹை வெலாசிட்டி வகையான மினி-மேக்கிலும் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். குழல் வாயில் முன்னது வினாடிக்கு 326 மீட்டர், பின்னது 376 மீட்டர். உதைப்பு பற்றிப் பேச ஒன்றுமில்லை. தாள் இலக்கைச் சுடுகிறவருக்கு என் ஓட்டு ஸ்டாண்டர்டுக்கே. காரணம் காற்று.

வேகமான குண்டு சீக்கிரம் போய்ச் சேரும், ஆகவே காற்றில் குறைவாக நகரும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. காற்றுத்தடையே இல்லாதிருந்தால் குண்டு எப்போது போய்ச் சேர்ந்திருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதுதான் பக்க விலகலைத் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென ஏறும். 30 டிகிரி வெயிலில் ஒலிவேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். மினி-மேக் அதைத் தாண்டிக் கிளம்பி, வழியிலேயே அதற்குக் கீழே இறங்கி, இலக்கில் 330 சொச்சத்துக்கு வந்துவிடும். ஸ்டாண்டர்டு தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழே இருப்பதால் வேகத்தில் வினாடிக்கு 30 மீட்டர் அளவுதான் இழக்கும்.

தாமதம் ஸ்டாண்டர்டுக்கு 7, 8 மில்லி வினாடி. மினி-மேக்குக்கு 9, 10. பக்கக் காற்று வினாடிக்கு 1 மீட்டர் என்றால் மில்லி வினாடி அப்படியே மில்லிமீட்டராகிவிடும், தனிக் கணக்கே வேண்டாம். இலக்கில் 10-ஆம் வளையம் 10.4 மி.மீ. விட்டம், குண்டு 5.6 மி.மீ.; விளிம்பு உரசினாலே 10 கிடைக்கும் என்பதால், துளையின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் போதும். ஆக, கொடி லேசாக அசையும் காற்றைக் கவனிக்காமல் நடுவைப் பார்த்துச் சுட்டாலும் ஸ்டாண்டர்டு 10-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்றது 9-க்கு நழுவும். காற்று 2 மீட்டராகிவிட்டால் இரண்டுக்குமே சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருப்பத்தான் வேண்டும். ஆனால் காற்றைத் தப்பாகக் கணித்ததற்கான அபராதம் ஸ்டாண்டர்டில் குறைவு.

ஹை வெலாசிட்டிக்கும் ஒரு நியாயம் உண்டு. 50 மீட்டருக்குள் ஸ்டாண்டர்டு குண்டு 12, 13 செ.மீ. தாழும், மினி-மேக் 10 செ.மீ. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் 10 மீட்டர் மாறினால் ஸ்டாண்டர்டில் துளை ஏறக்குறைய 8 மி.மீ. மேலோ கீழோ போகும், மினி-மேக்கில் 5 மி.மீ.தான். அதனால் ஸ்டாண்டர்டு வாங்குகிறவர் வேகச் சீர்மையைப் பார்த்தே ஆகவேண்டும். பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்களுக்கான எண்) முக்கியம். ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்டும் ஒரே குழலில் வேறு வேறு மாதிரி சுடும். ஒவ்வொரு லாட்டிலும் காற்றில்லாத காலையில் பத்துப் பத்தாக நான்கு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைக் கூட்டம்) சுட்டுப் பாருங்கள். துளைகள் மேல்-கீழாக நீண்டால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள். குழலின் அதிர்வு இதைக் கொஞ்சம் ஈடுகட்டவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுவதால் அடுத்தவர் முடிவை அப்படியே நம்ப வேண்டாம். தானாக அடுத்த தோட்டா ஏற்றும் துப்பாக்கி ஸ்டாண்டர்டில் திணறினால் ஹை வெலாசிட்டிதான் வழி. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் வகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தோட்டா வகையை மாற்றினால் முதல் குரூப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈயக் குண்டின் மேலுள்ள மெழுகு குழலுக்குள் படலமாகப் படியும்; பழைய மெழுகு போய்ப் புதியது படிய இருபது, முப்பது தோட்டா ஆகும். கோடையில் பெட்டியைக் காருக்குள் விட்டுவைத்தால் அந்த மெழுகு இளகி ஒருபக்கமாக வழியும். பிறகு நல்ல லாட்டும் சிதறும்.