வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின்: வாங்கிப் பழகியபின் எழுதுவது

வயதானவர்கள் இருக்கும் வீட்டில், மேல்கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலான கடைகளில் இதை யாரும் கேட்பதில்லை. விலையைச் சொல்வார்கள், வாரண்டியைச் சொல்வார்கள், பேட்டரி போட்டு ஒரு தரம் ஓட்டிக் காட்டுவார்கள். கையில் சுற்றிக் கட்டும் பட்டையின் அளவைப் பற்றிப் பேச்சே வராது. எனக்குத் தெரிந்து இந்த மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 66, சுகரும் பிரஷரும் உண்டு. என் வீட்டுக்காரருக்கு 73. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதியவர். அவருக்குப் பிரஷர், கூடவே புராஸ்டேட் வீக்கம். என் கைச் சுற்றளவு 35 செ.மீ., அவருக்கு 24. சாதாரணமாக மெஷினோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைதான். அதை என் கையில் இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் ஏறும், மெலிந்த கைக்குத் தொளதொளவென்று பெரிய பட்டை போட்டால் எண் இறங்கும். அதனால் 22 முதல் 42 செ.மீ. வரை பொருந்தும் பட்டையுள்ள மாடலாகப் பார்த்து வாங்கினோம். இரண்டு பேருக்கும் சரியாக இருக்கிறது. வீட்டில் எல்லோருமே ஒல்லி என்றால் 22–32 போதும். கை 22-க்கும் கீழே போய்விட்ட மிக மெலிந்த பெரியவர்களுக்குச் சின்னப் பட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியிலேயே பத்து மாடல் இருக்கிறது, அத்தனையும் சோதிக்கப்பட்டவை அல்ல. ஸ்டிரைடு பிபி என்று ஒரு இணையதளம் இருக்கிறது. பிரஷர் துறை நிபுணர்கள் சர்வதேச சங்கங்களோடு சேர்ந்து நடத்துவது. எந்த மாடல் முறைப்படி சோதிக்கப்பட்டது என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகனிடம் மாடல் நம்பரைச் சொல்லி, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தோம். அவன் முதலில் மணிக்கட்டில் கட்டும் மெஷினைத்தான் சொன்னான். சின்னது, கட்டுவது சுலபம் என்பது உண்மை. ஆனால் அதில் மணிக்கட்டை நெஞ்சின் உயரத்துக்குச் சரியாகத் தூக்கி, அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கை கொஞ்சம் கீழே இறங்கினாலும் எண் ஏறிவிடும். நடுங்குகிற கைக்கு அது ஒத்துவராது. மேல்கை மெஷின்தான் நல்லது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். விலை எங்களுக்கு இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது.

பழைய பாதரச மெஷினில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து ரத்தம் பாயும் சத்தத்தைக் கேட்பார். 1905-இல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் கண்டு சொன்ன முறை அது. டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக் குழாய் துடிக்கிற அதிர்வைப் பிடித்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. இது தெரிந்தால்தான், பார்க்கும்போது ஏன் கையை ஆட்டக்கூடாது, ஏன் பேசக்கூடாது என்பது புரியும். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். இதயப் படம் போட்ட குறி ஒன்று திரையில் வரும். அது ஒரு நாள் வந்து மறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. அடிக்கடி வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போக வேண்டும்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். மெஷினோடு வரும் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எழுத்து எறும்பு அளவு. எங்கள் மெஷினுக்கு வந்த புத்தகத்தில் தமிழும் இல்லை. பெரியவர்கள் கையில் கொடுக்கிற சாமானில் இப்படிச் செய்வது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது. நான் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, மெஷின் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டேன். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேஜையில், பட்டை நெஞ்சு உயரத்தில். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு ஒரு தரம், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தரம். சாயங்காலமும் இதேபோல.

இதில் கஷ்டமான வேலை சும்மா உட்கார்வதுதான். எங்கள் வீட்டுக்காரர் டி.வி. செய்தியைப் பார்த்துக்கொண்டே அதற்குப் பதில் சொல்கிற ஆள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று சொல்லித்தான் பட்டையைக் கட்டுவேன். பேசிக்கொண்டே பார்த்தால் எண் பத்து வரைகூட ஏறிவிடுகிறது. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூட வருகிறதோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் பார்க்க வேண்டும். இரண்டு கைக்கும் நடுவில் மேல் எண் 15-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் நோட்டு. மெஷின் எண்களைச் சேமித்து வைக்கும் என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே மெஷினில் பார்க்கும்போது யாருடையது எது என்று குழம்பிவிடும். இரண்டு பேருக்குத் தனித்தனியாகச் சேமிக்கும் மாடலும் உண்டு, ஆனால் அதிலும் ஆளை மாற்றும் பொத்தானை அழுத்த மறந்தால் அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் அரிசி, பருப்பு, முட்டை இருப்புக்குப் பதிவேடு எழுதி வந்தவள், அதே மாதிரி கட்டம் போட்டுக்கொண்டேன். தேதி, நேரம், முதல் தரம் பார்த்த எண், இரண்டாம் தரம் பார்த்த எண், நாடித்துடிப்பு, கடைசியாக ஒரு குறிப்புக் கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் நோட்டின் உயிர். "ராத்திரி தூக்கமில்லை", "கல்யாண வீட்டுச் சாப்பாடு", "கருவாட்டுக் குழம்பு", "மாத்திரை தீர்ந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை போதும். ஒரு மாதம் கழித்துப் படித்தால் வீட்டின் கதையே தெரியும். நூறு பிள்ளைகளுக்கு அளந்து உப்புப் போட்ட எனக்கே, அப்பளமும் ஊறுகாயும் தொடர்ந்து இலையில் இருந்த வாரத்தில் எண்கள் எப்படி மேலே நின்றன என்று கண்ணால் பார்த்தபோது திக்கென்றது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் சொல்கிறது. ஒரு டீஸ்பூன்கூட முழுதாக வராது.

தினமும் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதில்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்துக் கொடுத்தால் அவருக்குப் போதும். ஆஸ்பத்திரியில் 140/90 என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் பார்க்கும்போது அது 135/85. டாக்டரைப் பார்த்ததுமே பிரஷர் ஏறுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வீட்டு எண் குறைவாக எடுத்துக்கொள்ளப்படுவது அதனால்தான். வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் தகுந்தபடி ஒவ்வொருவருக்கும் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இனி எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த மெஷினால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, பிரஷர் கூடியதைக் கண்டுபிடித்தது அல்ல. குறைந்ததைக் கண்டுபிடித்தது. வீட்டுக்காரருக்குக் காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கிறுகிறுவென்று வந்து சுவரைப் பிடிப்பார். வயசாகிவிட்டால் அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உட்கார வைத்துப் பார்த்தால் எண்கள் நன்றாகவே இருந்தன. எங்கள் தெருவுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பிள்ளைதான், "ஐயாவை நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்கம்மா" என்றது. படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், 138/78. எழுந்து நிற்க வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு நிமிடத்தில் பார்த்தேன், 112/66. மூன்றாவது நிமிடத்தில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அவர் பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். சிறுநீர் தடைக்கு டாம்சுலோசின். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் அந்த வகை மாத்திரை, சதையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்க அதுவும் ஒரு காரணமாகலாம். பிரஷருக்கு ஒரு டாக்டர், சிறுநீருக்கு இன்னொரு டாக்டர், இரண்டு சீட்டு. நோட்டையும் இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்ததும் டாக்டர் நின்றபோது எடுத்த எண்களைத்தான் முதலில் விரலால் தொட்டுப் பார்த்தார். மாத்திரைகளில் மாற்றம் செய்தார். என்ன மாற்றம் என்று இங்கே எழுத மாட்டேன். அதைப் படித்துவிட்டு யாராவது தங்கள் மாத்திரையைத் தாங்களாகவே மாற்றினால் ஆபத்து. இப்போது அவர் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கிறார். கிறுகிறுப்பு பெருமளவு நின்றுவிட்டது.

அந்தத் திட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, எழுந்து நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபி, கடைசிக்கட்ட நோயாளிகளுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. எங்களுக்கு வருகிற பிள்ளை, வரும்போதெல்லாம் பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சுகரும் பார்க்கும். தன் மெஷினில் வந்த எண்ணையும் எங்கள் மெஷினில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னது அதுதான். வருஷத்துக்கு ஒரு தரமாவது உங்கள் மெஷினை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெஷினை வாங்கிவிட்டதால் மற்ற பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணின் விழித்திரை, காலின் உணர்ச்சி. இவற்றை அந்தந்த நேரத்தில் பார்த்தே ஆக வேண்டும். நான் நோட்டின் பின்பக்க அட்டையில் இவற்றின் தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த மெஷினால் ஒரு கெடுதலும் உண்டு. சிலருக்கு அது ஒரு பயமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தரம் 150 வந்துவிட்டால் உடனே மறுபடி, மறுபடி என்று பட்டையைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பதற்றத்தில் எண் இன்னும் ஏறும். அப்போது மெஷினை மூடி வைத்துவிட்டு, அடுத்த வேளைக்குப் பார்ப்பதே நல்லது. 180/120-க்கு மேல் வந்தால் மட்டும் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இதில் எது சேர்ந்திருந்தாலும் மறுபடி பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நாமாகவே கூட ஒன்று போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

வாங்கும்போது கவனிக்க இன்னும் சில. எண்கள் பெரிதாகத் தெரியும் திரை, பட்டை தனியாகக் கிடைக்கும் மாடல், கடை முத்திரையோடு பில். கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் மெஷின் போய்விடும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பட்டையைக் கட்டவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் எந்தக் கையில் பார்ப்பது என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு பிறகு பாருங்கள்.